திசை ஏரியல்: நெகிரி செம்பிலான் தோட்டப்புறம்

திசை ஏரியல் என்பது ஒரு திக்கில் மட்டும் கூர்மையாகக் கேட்கவும் பேசவும் வல்ல அலைவாங்கி. அது தொலைதூரம் எட்டும். ஆனால் எதிர்முனை எந்தப் பக்கம் என்று முதலில் கண்டாக வேண்டும்.

கூரைகளில் ஏறிய மீன்முள் வடிவம் ஜப்பானின் உடாவும் யாகியும் 1926-இல் வெளியிட்டது. சிங்கப்பூர் விழுந்த 1942-இல் பிரிட்டிஷாரிடம் கைப்பற்றிய ரேடார் குறிப்புகளில் யாகியின் பெயரைக் கண்ட பிறகே ஜப்பானிய ராணுவத்துக்கு அதன் அருமை தெரிந்ததாம்.

மலேசியத் தொலைக்காட்சி 1963 டிசம்பர் 28-இல் கோலாலம்பூரில் தொடங்கியது. நெகிரி செம்பிலானில் ஒளிபரப்புக் கோபுரம் நிற்பது சிரம்பானுக்கு வடகிழக்கே, ஆயிரம் மீட்டருக்கு மேல் உயர்ந்த தெலாப்பாக் புரோக் மலையில். அதைப் பிடிக்கப் பகாவ் பக்கத்துத் தோட்ட லயத்து ஏரியல் மேற்கே பார்க்க வேண்டும். போர்ட்டிக்சன் பக்கத்தில் வடகிழக்கே. வெளியே ஒருவர் குழாயைத் திருக, "இன்னும் கொஞ்சம், ஆ, போதும்!" என்று உள்ளிருந்து இன்னொருவர் கத்துவார். கோபுரம் சுற்றிலும் வீசுவதால் ஒரு முனையைத் திருப்பினாலே போதும்.

1996-இல் ஏவப்பட்ட மியாசாட்-1 செயற்கைக்கோள் கிழக்குத் தீர்க்கரேகை 91.5 பாகையில் நின்றது. ஆஸ்ட்ரோ தொலைக்காட்சித் தட்டு மேற்கு நோக்கி, ஏறக்குறைய உச்சிவானைப் பார்ப்பது அதனால்தான். முகவரி நிலையானது, தேடலே இல்லை. கனமழையில் படம் அறுவது தனிக்கதை.

இரு முனையும் குறுகிய கற்றை வீசினால்தான் உண்மையான சிக்கல். தமிழ்நாட்டின் தேனி அரவிந்த் கண் மருத்துவமனையைக் கிராம மையங்களோடு இணைத்த நெடுந்தூர வைஃபையில் இடங்கள் முன்பே தெரியும். ஆள் ஏறித் திருப்பலாம். தாமாகத் தேடும் கருவிகளுக்கு அந்த வசதியில்லை. ஆளுக்கு ஆறு திக்கு என்றால், இரண்டும் ஒரே நொடியில் முகம் பார்க்கும் வாய்ப்பு 36-இல் ஒன்று. ஒன்று பேச மற்றது கேட்கவும் வேண்டும் என்பதால், குருட்டாம்போக்கில் அது 72-இல் ஒன்றாகிறது. 2005-இல் வாசுதேவன், குரோஸ், டவ்ஸ்லி என்ற ஆய்வாளர் மூவரும் ஒரு குறுக்குவழி சொன்னார்கள்: ஏற்கெனவே அறிமுகமான அண்டைக் கருவி, தனக்குத் தெரிந்த மற்றவற்றின் இருப்பிடத்தையும் சொல்லிவிடட்டும். ஊர்வம்பின் கணிதம்தான்!

2012-இல் வந்த 60 கிகாஹெர்ட்ஸ் வைஃபை தரம் வேறு வழி பிடித்தது. ஒன்று கற்றையைத் திக்குத்திக்காக வீச, மற்றது எல்லாப் பக்கமும் காது வைக்கும். மலேசியாவில் 2021 டிசம்பரில் தொடங்கிய 5ஜி தொழில்நுட்பத்திலும் இதே முறைக்கு இடமுண்டு: கோபுரம் கற்றைகளை வரிசையாக வீசும், கைப்பேசி வலுவானதைத் தேர்ந்து, அதற்கென ஒதுக்கிய நேரத்தில் பதில் அனுப்பும், பதில் வந்த நேரத்தை வைத்தே எந்தக் கற்றை எட்டியது என்று கோபுரம் கணித்துக்கொள்ளும்.