படிந்த நாவும் வழுவழுத்த நாவும்

நாக்கு வெளுத்துக் கிடந்தால் ‘வயிறு சரியில்லை’ என்பது நம்மிடையே பாட்டி முதல் மருந்துக் கடைக்காரர் வரை சொல்லும் தீர்ப்பு. வார இதழ்களின் உடல்நலப் பக்கங்கள் அதற்கு நிறவாரியாகப் பட்டியலும் போட்டு, நாவை உள்ளுறுப்புகளின் வரைபடமாகவே ஆக்கிவிட்டன. படிவு பெரும்பாலும் வாயின் நிலையைத்தான் சொல்கிறது. உடலின் நிலை தெரிவது படிவு அற்றுப்போன நாவில்தான் அதிகம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

நாவின் மேற்பரப்பில் பாப்பிலா எனும் நுண்முகிழ்ப்புகள் நெருங்கி நிற்கின்றன. அவற்றுள் மிகுதியானவை இழை வடிவின, சுவையரும்பு இல்லாதவை, நுனியில் கெரட்டின் ஏறியவை. உதிர்ந்த செல்கள், பாக்டீரியா, உணவுத் துகள் எல்லாம் இவற்றிடையே சிக்கிக்கொள்வதே படிவு. மெல்லுதலும் உமிழ்நீரும் இதை நாள்தோறும் தேய்த்துக் கழுவுகின்றன. காய்ச்சலில் வாய் உலர்ந்து, கஞ்சி மட்டும் குடித்துக் கிடப்பவரின் நா தடித்துப் போக இதுவே போதும்; வயிற்றைச் சாட்சிக்கு அழைக்க வேண்டியதில்லை.

வயிற்றையே நேரில் பார்த்தவர் ஒருவர் உண்டு. 1822இல் மெக்கினாக் தீவில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்த அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டினின் இரைப்பையில் ஆறாத துளை ஒன்று நின்றுவிட்டது. அதன் வழியே அமெரிக்க இராணுவ மருத்துவர் வில்லியம் போமான்ட் பல ஆண்டுகள் கவனித்து, 1833இல் நூலாக்கினார். செயின்ட் மார்ட்டின் எட்டுப் பத்து நாள் தாராளமாகக் குடித்த ஒரு சமயம் இரைப்பையின் உட்சுவர் சிவந்து புண்பட்டிருந்தது. ஆளோ நன்றாகத்தான் இருக்கிறேன், பசியும் எடுக்கிறது என்றார். வலியும் தலைசுற்றலும் தொடங்கிய பிறகே நாவின் மஞ்சட்பழுப்புப் படிவு குறிப்பில் ஏறுகிறது. வயிற்றுக்கும் நாவுக்கும் தொடர்பே இல்லை என்று இதைக்கொண்டு சொல்லிவிட முடியாது. ஆனால் குறிப்பேட்டின்படி நா, நோய்க்குப் பின்னால் வந்த சாட்சி. 1888இல் லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸில் நாவைப் பற்றியே லம்லியன் சொற்பொழிவுகளாற்றிய ஹௌஷிப் டிக்கின்சனும் தனித்தனி உறுப்புகளைவிடக் காய்ச்சல், வறட்சி, மெல்லாமை போன்ற பொதுநிலைகளுக்கே அதிக இடம் கொடுத்தார்.

சித்த மருத்துவம் வரைபடத்துக்குத் துணைநிற்பதாக நினைப்பது அவசரம். எண்வகைத் தேர்வில் நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என நா எட்டில் ஒன்று. மாப்படிதல் எனப்படும் படிவு அதற்குள்ளும் ஒரு கூறுதான். நிறம், வறட்சி, வெடிப்பு, உமிழ்நீர் எல்லாம் உடன் பார்க்கப்படும். நடைமுறைச் சிக்கல் வேறு இருக்கிறது. தென்னை ஈர்க்கை இரண்டாகக் கிழித்து, வளைத்து, விடியற்காலையிலேயே நாக்கை வழித்துவிடும் ஊர் இது. அதற்கு மேல் காப்பி, வெற்றிலை. பத்து மணிக்கு வைத்தியர் முன் நீட்டப்படும் நா, திருத்தி எழுதிய ஓலை.

வழித்தெறிவது முழுக்க அழுக்குமன்று. வாய்நாற்றத்துக்குக் காரணமான கந்தக வாயுக்கள் பெரும்பாலும் நாவின் பின்பகுதிப் படிவில்தான் பிறக்கின்றன, உண்மை. ஆனால் கீரையிலும் பீட்ரூட்டிலும் உள்ள நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றுவதும் அங்கே குடியிருக்கும் பாக்டீரியாக்களே. உடலில் அது நைட்ரிக் ஆக்சைடாகி இரத்தக் குழாய்களைத் தளர்த்துகிறது.

சில வெண்மைகளைக் கட்டாயம் பொருட்படுத்த வேண்டும். அங்கே கேள்வி நிறமல்ல, துடைத்தால் வருகிறதா என்பதே. தயிர்த்திவலை போன்ற கேண்டிடா பூஞ்சைப் படிவை காஸ் துணியால் தேய்த்தால் உரிந்து, அடியில் செக்கச் சிவந்த சவ்வு தெரியும். நீரிழிவு, ஸ்டீராய்டு, எதிர்ப்பாற்றல் குறைவு ஆகியவற்றை அது விசாரிக்கச் சொல்கிறது. தேய்த்தும் வராத வெண்திட்டு, அதுவும் புகையிலை போடுபவரின் நாவோரத்தில் என்றால், லூக்கோபிளேக்கியாவாக இருக்கலாம்; புற்றுநோயாக மாறக்கூடியது என்பதால் திசு ஆய்வு வேண்டும்.

படிவே இல்லாத நாவுக்கு எந்தப் பட்டியலிலும் இடமில்லை; ‘சுத்தமான நாக்கு’ என்று பாராட்டுகூடக் கிடைக்கும். நாவின் மேற்தோல் விரைவாகப் புதுப்பிக்கப்படுவது. அதனால் இரும்புச்சத்தோ ஃபோலேட்டோ பி12 வைட்டமினோ குறையும்போது முதலில் தேய்பவற்றுள் இழை முகிழ்ப்புகளும் உண்டு. நா வழுவழுத்து, இரும்புக் குறையில் வெளுத்தும் பி12 குறையில் மாட்டிறைச்சிபோல் சிவந்தும் காணும். ரசத்தில் விழுந்த மிளகுகூட எரிகிறது என்பார்கள். அல்சர் என்று நினைத்து மோர்ச்சோற்றோடு நாளைக் கடத்துவோரும் உண்டு. குறை இன்னதென்று இரத்தப் பரிசோதனையில் தெரிந்து, உரிய ஊசியோ மாத்திரையோ தொடங்கினால், சில வாரங்களில் முகிழ்ப்புகள் மறுபடி எழும். அவற்றின் மேல் அந்த மெல்லிய வெண்படிவும் திரும்ப வந்து சேரும்.