தமிழ்நாட்டில் குடியேற எண்ணமா? பல் சிகிச்சைக்குப் போகும்போதே ஊரைப் பாருங்கள்

ஆயர் தாவார் - செலவு குறைவென்று ஓய்வுக்குப் பின் தமிழ்நாட்டில் குடியேற எண்ணுவோர், இங்குள்ள வீட்டை விற்கும் முன் கவனிக்க வேண்டியவை:

பல் சிகிச்சை: செயற்கைப் பல்வேர் (இம்ப்ளாண்ட்) தாடை எலும்போடு சேரப் பெரும்பாலும் 3 முதல் 6 மாதமாகும், இரண்டு பயணம் தேவைப்படும். மருத்துவரின் பதிவு எண்ணைக் கேளுங்கள். எக்ஸ்ரே, ரசீது, பொருத்திய பொருளின் விவரம் வாங்கி வாருங்கள். பின்னர் கோளாறு வந்தால் இங்குள்ள மருத்துவருக்கு அவையே உதவும்.

ஊர் பார்த்தல்: முதல் பயணத்தில் வாடகை, தண்ணீர், மருத்துவமனைத் தூரம் விசாரியுங்கள். அடுத்ததை வெயில் காலத்தில் வைத்து, சில வாரம் வாடகை வீட்டில் தங்கிப் பாருங்கள்.

ஓசிஐ அட்டை: ஆயுள்கால விசா போன்றது, மலேசியக் குடியுரிமை போகாது. ஓட்டுரிமை கிடையாது, விவசாய நிலம் விலைக்கு வாங்க முடியாது. இந்திய வம்சாவளிக்கு ஆதாரம் தேவை. தாத்தா, பாட்டியின் பழைய கடப்பிதழைப் பத்திரப்படுத்துங்கள்.