எந்த ஆண்டின் ஸ்வாம்ப் ராட்?

டிராக்ஸ்டர் மாடல் கட்டப்போகிறேன் என்று யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: எந்த ஆண்டின் வண்டி? புளோரிடாவின் டாம்பா நகரத்துக்காரர் டான் கார்லிட்ஸ் 1950களின் நடுவில் கட்டிய முதல் ‘ஸ்வாம்ப் ராட்’டையே எடுத்துக்கொள்ளுங்கள். 1957 நவம்பரில் புரூக்ஸ்வில்லில் அது மணிக்கு 176.40 மைல் வேகம் தொட்டபோது எஞ்சின் மேல் எட்டு ஸ்ட்ராம்பெர்க் கார்புரேட்டர்கள் இருந்தன. 1959இல் அவற்றைக் கழற்றிவிட்டு சூப்பர்சார்ஜர் ஏற்றினார். இரண்டையும் கலந்து கட்டினால், எந்தத் தடத்திலும் ஓடாத ஒரு வண்டிதான் அலமாரியில் நிற்கும்.

டிராக்ஸ்டர்கள் ஓடும் டிராக் பந்தயத்துக்குக் கால் மைல் நேர்தடம், அதாவது 402 மீட்டர். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வண்டிகள். முதலில் கடப்பவருக்கு வெற்றி. 1950இல் கலிபோர்னியாவின் சான்டா அனாவில் விமான ஓடுதளம் ஒன்றில் சி. ஜே. ஹார்ட் இதை முறையான பந்தயமாக நடத்தத் தொடங்கினார். மறு ஆண்டு வாலி பார்க்ஸ் என்.எச்.ஆர்.ஏ. என்ற பந்தய அமைப்பை நிறுவினார். விதிகள் வந்தன, ஆனால் இதற்கென்று வண்டி செய்து விற்கத் தொழிற்சாலை எதுவும் இல்லை. கிடைத்ததை வெட்டி, வெல்டிங் வைத்துத்தான் கட்டினார்கள்.

கார்லிட்ஸ் சேசிஸுக்கு எடுத்தது 1930 வாக்கில் வந்த ஒரு செவ்ரோலேயின் நீள இரும்புச் சட்டங்களை. எஞ்சின், குடும்பங்கள் ஓட்டிய கிரைஸ்லர் கார்களில் இருந்த ஹெமி வி-8. அந்தக் காலத்து டிராக்ஸ்டர்களில் பரவலாக இருந்த 6-71 சூப்பர்சார்ஜரோ லாரி, பஸ்களின் டீசல் எஞ்சினிலிருந்து வந்தது. ஆறு சிலிண்டர், ஒவ்வொன்றும் 71 கன அங்குலம். பெயரிலேயே பூர்வீகம் இருக்கிறது. சேசிஸ் நீளச் சட்டங்களால் ஆனதால், உருண்டைக் குழாய்ச் சேசிஸ் உள்ள கிட்டை வாங்கி முதல் ஸ்வாம்ப் ராட்டைக் கட்ட முடியாது. நான் பிளாஸ்டிக் பட்டைகளை ‘ப’ வடிவில் ஒட்டித்தான் சட்டம் செய்கிறேன். பிளக் ஒயருக்கு மின்கம்பியின் செம்பு இழை, எரிபொருள் குழாய்க்கு ஊசியின் முனை.

பின்சக்கரத்தில் எடை விழ வேண்டும் என்பதற்காக ஓட்டுநரைப் பின் அச்சுக்கும் பின்னால் உட்கார வைத்தார்கள். ஸ்லிங்ஷாட் என்ற இந்த அமைப்பில் முகத்துக்கு நேரே எஞ்சின், கால்களுக்கு நடுவே கியர்பெட்டி. 1:25 அளவில் அதைப் பொருத்திப் பாருங்கள். பொம்மை ஓட்டுநரின் காலுக்கும் அந்தப் பெட்டிக்கும் இடையில் விரல் நகம்கூட நுழையாது. புத்தகத்தில் எத்தனை முறை படித்தாலும் அந்த நெருக்கம் இப்படி உறைக்காது. 1970 மார்ச் 8 அன்று லயன்ஸ் தடத்தில் கார்லிட்ஸின் வேறொரு ஸ்வாம்ப் ராட்டின் கியர்பெட்டி வெடித்தது. வண்டி இரண்டாக முறிந்தது. அவருடைய வலது பாதத்தின் ஒரு பகுதி போயிற்று. அதன் பிறகு எஞ்சினை முதுகுக்குப் பின்னால் வைத்து ஒரு வண்டி கட்டி, 1971இல் பொமோனா வின்டர்நேஷனல்ஸ் பந்தயத்தில் வென்றார். சில ஆண்டுகளில் முன் எஞ்சின் வண்டிகள் உச்சப் பிரிவிலிருந்து மறைந்தன.

ரெவெலின் மூனைஸ், எம்.பி.சி.யின் ராம்சார்ஜர்ஸ் போன்ற கிட்கள் 1960களில் வந்தவை. அவை இல்லையென்றால் ஸ்லிங்ஷாட் வடிவம் இத்தனை வீடுகளுக்குப் போயிருக்காது. அந்த நிறுவனங்களுக்கு நான் கடமைப்பட்டவன். ஆனால் கிட்களில் எஞ்சின் பாகங்கள் பெரும்பாலும் பளபளவென்று குரோம் பூசி வரும். கலிபோர்னியாவின் பல வண்டிகளுக்கு அது பொருந்தும். கார்லிட்ஸின் வண்டியோ கறுப்பு, அலங்காரமற்றது. வெள்ளைத் துணிக்குப் போடும் பிளீச்சில் பாகங்களை ஊறவையுங்கள்; குரோம் கரைந்துவிடும், பசையும் நன்றாகப் பிடிக்கும்.

முதல் ஸ்வாம்ப் ராட், கார்லிட்ஸ் 1984இல் ஒகாலாவில் திறந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கிட் பெட்டியின் அட்டைப் படத்தை நம்பாமல், அந்த வண்டியின் புகைப்படங்களைப் பார்த்துக் கட்டுங்கள்.