நோய்க்குப் பெயர் வைத்த மண்



ஏ.எல். முடித்த பிள்ளைகள் சிலர் 'மெடிக்கல் கோடிங்' படிக்கலாமா என்று எங்களிடம் கேட்கிறார்கள். கம்ப்யூட்டர் வேலை, வெளிநாட்டுக் கம்பனி என்ற அளவில்தான் கேள்விப்பட்டிருக்கிறார்கள். அந்த வேலைக்கு எங்கள் யாழ்ப்பாணத்திலும் ஒரு வேர் உண்டு என்பதை நாம் அவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

யாழ்ப்பாண அரசர் காலத்து வைத்திய நூலான பரராசசேகரம் சிரரோகம், பாலரோகம், சுரரோகம் என்று நோய்களைப் பிரித்தே பேசுகிறது. அதற்கும் முன்னர், பெரியம்மை வேறு, சின்னமுத்து வேறு என்று அடையாளங்களோடு பிரித்து எழுதியவர் அர்-ராஸி.

1847இல் இங்கு வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்தார். அதற்கு முதலில் சொற்கள் வேண்டியிருந்தன. தமிழ்ச்சொல் கிடைத்தால் தமிழ், இல்லாவிட்டால் வடமொழி, அதுவும் இல்லாவிட்டால் ஆங்கில ஒலியே என்று போனார். சத்திரசிகிச்சை நூல் 'இரண வைத்தியம்' ஆனது. இரசாயன நூல் 'கெமிஸ்தம்' ஆனது. ஒரு நோயை எல்லா மாணவரும் ஒரே பெயரால் அழைக்க வேண்டும் என்பதே அந்த உழைப்பின் சாரம்.

அதே சிக்கல் இங்கிலாந்திலும் இருந்தது. ஒரே நோய்க்கு நாலு பெயர், ஒரே பெயரில் பல நோய்கள். இப்படியிருந்தால் மரணங்களை எப்படி எண்ணுவது என்று 1839இல் வில்லியம் பார் முறையிட்டார். 1893இல் பிரான்ஸின் பெர்த்தியோன் மரண காரணங்களுக்குச் சர்வதேசப் பட்டியல் ஒன்றை முன்வைத்தார். 1948இல் உலக சுகாதார நிறுவனம் அதைப் பொறுப்பேற்று, மரணத்தை விளைவிக்காத நோய்களையும் சேர்த்தது. அதுதான் ஐ.சி.டி.

இன்று எங்கள் அரசாங்க ஆஸ்பத்திரிகளிலும் நோயாளி வீடு திரும்பிய பிறகு அவருடைய ரிக்கற் பதிவேட்டு அறைக்குப் போகிறது. அங்குள்ளவர் அதை வாசித்து, பிரதான நோய் எது, கூட இருந்தது எது என்று பிரித்துக் குறியீடு இடுகிறார். வெறும் 'காய்ச்சல்' என்றிருந்தால் அது ஆர்50. 'எலிக்காய்ச்சல்' என்று உறுதியாகியிருந்தால் ஏ27.

இதில் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்கலாம். 2024 டிசம்பரில் வடமராட்சிப் பக்கம் உயிர்களைப் பறித்த காய்ச்சலை முதலில் 'மர்மக் காய்ச்சல்' என்றே எல்லோரும் சொன்னோம். பரிசோதனையில் எலிக்காய்ச்சல் என்று தெரிந்த பிறகுதான் வயலில் இறங்குபவருக்குத் தடுப்பு மாத்திரை கொடுக்க வழி பிறந்தது. பெயர் தெரிந்த நோயும் பதிவேட்டில் ஆர்50 என்று விழுந்தால், அடுத்த மாரிக்குத் திட்டமிடுகிறவர்களின் கணக்கில் அது இருக்காது.

ஆகவே பிள்ளைகளே, படிக்க விரும்பினால் தாராளமாகப் படியுங்கள். ஆனால் இலக்கங்களை மனப்பாடம் செய்வதோடு நிற்காதீர்கள். உடற்கூற்றையும் நோய்களையும் முதலில் விளங்கிக்கொள்ளுங்கள். ரிக்கற்றை முழுதாக வாசியுங்கள். எழுதப்படாததை ஊகித்துக் குறியீடு போடாதீர்கள், வைத்தியரிடம் கேளுங்கள். ஒவ்வொரு இலக்கத்துக்குப் பின்னாலும் எங்கள் ஊரில் ஒரு வீடு இருக்கிறது.