படத்தோடு கைமாறும் அனுமதி: ஒரு நிபந்தனை பிறந்த கதை

கானாடுகாத்தான் வீடொன்றின் முகப்பையோ ஆத்தங்குடிக் கல் பதித்த தரையையோ கைபேசியில் எடுத்து இன்ஸ்டாகிராமில் போடுகிறோம். போட்ட கணமே ஓர் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்துவிடுகிறது. படம் நம்முடையதுதான்; நிறுவனம் அதைச் சொந்தம் கொண்டாடவில்லை. ஆனால் அதைச் சேமிக்கவும், நகலெடுக்கவும், மாற்றவும், உலகம் முழுக்கக் காட்டவும், அதே அனுமதியை வேறொருவருக்குக் கொடுக்கவும், இவ்வளவுக்கும் காசு தராமலிருக்கவும் நாம் சம்மதித்திருக்கிறோம். கணக்குத் தொடங்கிய அன்று ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று தட்டியதில் இதெல்லாம் அடக்கம். இந்த நிபந்தனை பிறந்த கதையைத் தெரிந்துகொண்டால்தான் அதை எங்கே எதிர்த்துக் கேட்கலாம் என்பது விளங்கும்.

படத்தின் மீதான உரிமையைச் சட்டம் பேசத் தொடங்கியது ஸ்டூடியோ காலத்தில். 1911ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் சட்டத்தை ஒட்டி 1914இல் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் வந்தது. காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்தின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவருக்கே என்றது அது. 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. அந்தக் கணக்குப்படி, செட்டிநாட்டு வளவுகளில் மாட்டியிருக்கும் அறுபதாம் கல்யாணப் படங்களுக்கு நெகட்டிவ் ஸ்டூடியோவில் இருந்தாலும் உரிமை குடும்பத்தினுடையது. வேறு ஏற்பாடு இல்லாமல் தானாகவே எடுத்த படமென்றால் எடுத்தவருக்கு உரிமை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடையில் அப்படி ஒரு படத்தை வாங்குகிறவருக்குக் காகிதமும் மரச்சட்டமும் சொந்தமாகும். பதிப்புரிமை அதோடு சேர்ந்து வராது.

அடுத்தவர் எடுத்த படத்தைப் பயன்படுத்த வேண்டுமானால் தேடிப்போய்க் கேட்கவேண்டும் என்பதற்கு இந்த மண்ணிலேயே பெரிய உதாரணம் உண்டு. கோட்டையூரில் பிறந்த ஏ.கே. செட்டியார், டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக் கலை படித்தவர். 1937 அக்டோபர் 2 அன்று டப்ளின் செல்லும் கப்பலில் காந்தியைப் பற்றி ஆவணப்படம் எடுக்கும் எண்ணம் அவருக்கு வந்தது. பல நாடுகளில் பலர் எடுத்து வைத்திருந்த சுருள்களை யாரிடம் எது இருக்கிறது என்று ஊர் ஊராக விசாரித்து, கிட்டத்தட்ட 50,000 அடிப் படச்சுருளைச் சேர்த்தார். 1940இல் படம் வெளிவந்தது. ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் ஆள், ஒவ்வோர் ஆளிடமும் ஒரு பேச்சு என்பதே அன்றைய முறை.

இணையம் வந்ததும் அந்த முறை ஓடவில்லை. ஒரு படத்தை ஏற்றினால் சர்வர் அதைச் சேமிக்கிறது; கைபேசித் திரைக்கென்று சிறிய நகல்கள் செய்கிறது; வேறு நாட்டுக் கணினியிலும் ஒரு பிரதி வைக்கிறது; கேட்டவருக்கெல்லாம் காட்டுகிறது. நகலெடுப்பது, மின்னணு வடிவில் சேமிப்பது, பொதுமக்களுக்குக் காட்டுவது எல்லாமே பதிப்புரிமை உடையவருக்கு மட்டும் உரிய செயல்கள். கோடிக்கணக்கானவர்களிடம் தனித்தனியாகக் கேட்க வழியில்லாததால் முன்கூட்டியே ஒட்டுமொத்த அனுமதி வாங்கும் நிபந்தனை பிறந்தது. பிறந்தபோது அதில் நியாயம் இருந்தது.

தேவைக்கு மேல் அது வளர்ந்ததுதான் சிக்கல். பொதுமக்கள் இலவசமாகப் பக்கம் அமைத்துக்கொள்ளும் ஜியோசிட்டீஸ் தளத்தை 1999இல் யாஹூ வாங்கியது. ஜூன் கடைசியில் வந்த புதிய நிபந்தனைகள், பக்கங்களில் உள்ள எல்லாவற்றின் மீதும் நிரந்தரமான, திரும்பப் பெற முடியாத உரிமையைக் கேட்டன. பயனர்கள் தங்கள் பக்கங்களின் வண்ணத்தை அழித்துச் சாம்பல் நிறமாக்கி எதிர்ப்புக் காட்டினார்கள். சில நாட்களிலேயே யாஹூ இறங்கிவந்தது.

2009 பிப்ரவரியில் ஃபேஸ்புக்கின் முறை. பயனர் தன் படத்தை நீக்கினால் அனுமதியும் முடியும் என்றிருந்த வரியை அந்த நிறுவனம் சத்தமில்லாமல் எடுத்துவிட்டது. விஷயம் வெளியே தெரிந்து எதிர்ப்புக் கிளம்பியதும் இரண்டு வாரத்தில் பழைய நிபந்தனைக்கே திரும்பியது. 2012 ஏப்ரலில் ஃபேஸ்புக் வாங்குவதாக அறிவித்த இன்ஸ்டாகிராம், அந்த டிசம்பரில், பயனர்களின் படங்களைப் பணம் தராமல் விளம்பரத்தோடு இணைக்க இடந்தரும் வாசகத்தைக் கொண்டுவந்தது. சில நாட்களிலேயே அதையும் கைவிட்டுப் பழைய வாசகத்துக்குப் போனது.

இந்த அனுமதி எதுவரை செல்லும் என்பதை ஒரு வழக்கும் சொன்னது. 2010 ஜனவரி 12இல் ஹெய்ட்டி நிலநடுக்கத்தைப் படமெடுத்த டேனியல் மொரெல், படங்களை ட்விட்பிக் என்ற படமேற்றும் தளம் வழியாக ட்விட்டரில் ஏற்றினார். ஏ.எஃப்.பி. செய்தி நிறுவனம் அவற்றை எடுத்து கெட்டி என்ற பட விற்பனை நிறுவனம் வழியாக உலகெங்கும் விற்றது. ட்விட்டரில் போட்டாலே யாரும் பயன்படுத்தலாம் என்ற வாதத்தை 2013இல் நியூயார்க் நீதிமன்றம் ஏற்கவில்லை. சுமார் 12 லட்சம் டாலர் இழப்பீடு தரும்படி ஜூரி தீர்ப்பளித்தது. தளத்துக்குத் தந்த அனுமதி ஊருக்கெல்லாம் தந்த அனுமதி அல்ல.

அனுமதிக்குக் கெடுவும் வேண்டும். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் ஏஜெண்டுகளை அனுப்பிய நகரத்தார் முதலாளிகள் பவர் எழுதிக் கொடுத்து, மூன்று வருடக் கெடு வைத்தே கடையை ஒப்படைத்தார்கள். கெடு முடிந்தால் கணக்கு ஒப்புவிக்க வேண்டும். நம் பதிப்புரிமைச் சட்டமும் அந்த நிதானத்தோடுதான் எழுதப்பட்டிருக்கிறது. அனுமதிப் பத்திரத்தில் காலம் குறிக்காவிட்டால் 5 ஆண்டு, இடம் குறிக்காவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்கிறது அது. நிறுவனங்களோ ‘உலகம் முழுவதும்’, ‘நீக்கும்வரை’ என்று எழுதி அந்த இரண்டு பாதுகாப்பையும் கடந்துவிடுகின்றன. எனவே படத்தை நீக்கும் உரிமைதான் பயனர் கையில் இருக்கும் கெடு. 2009இல் காப்பாற்றப்பட்டது அதுதான்.

காரைக்குடிக் கல்யாண வீடுகளுக்கு இதில் ஒரு வேலை இருக்கிறது. காசு கொடுத்து எடுக்கச் சொன்ன கல்யாணப் படத்தின் உரிமை, வேறுவிதமாக எழுதிக்கொள்ளாத வரை, குடும்பத்துக்கே. அதைப் புகைப்படக்காரர் தன் தொழில் பக்கத்தில் போடும்போது, தனக்கில்லாத உரிமையைத் தளத்துக்குக் கொடுக்கிறார். எந்தப் படத்தைப் போடலாம், எதைப் போடக்கூடாது என்பதை அட்வான்ஸ் கொடுக்கும்போதே இரண்டு வரியில் எழுதிக்கொள்வது இருவருக்கும் நல்லது.

இப்போது நிபந்தனை இன்னொரு பக்கம் வளர்கிறது. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் இரண்டிலும் எல்லோருக்கும் தெரியும்படி போடப்பட்ட பதிவுகளையும் படங்களையும் கொண்டு செயற்கை நுண்ணறிவைப் பயிற்றுவித்ததாக 2023 செப்டம்பரில் அவற்றின் தாய் நிறுவனமான மெட்டா சொன்னது. ஐரோப்பாவில் இதைத் தொடங்கவிருந்தபோது, அயர்லாந்தின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் கேட்டுக்கொண்டதால் 2024 ஜூனில் நிறுத்தியது. மறுப்புத் தெரிவிக்கப் படிவம் கொடுத்த பிறகே 2025 மே மாதம் தொடங்கியது. நம்முடைய 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, ஒருவர் தானே பொதுவெளியில் வைத்த தரவுகளைத் தன் பாதுகாப்புக்கு வெளியே விட்டுவிட்டது.

இது சரியல்ல. பேத்தியின் படத்தைச் சொந்தபந்தம் பார்க்கட்டும் என்று போடுகிற ஆச்சி, அந்த முகத்தை இயந்திரத்துக்குப் பாடமாகத் தரச் சம்மதிக்கவில்லை. ஐரோப்பியருக்குக் கிடைத்த மறுப்புப் படிவம் அவருக்கும் கிடைக்க வேண்டும், அவர் படிக்கும் தமிழில் கிடைக்க வேண்டும். 1999இலும் 2009இலும் 2012இலும் பெரிய நிறுவனங்களைப் பின்வாங்க வைத்தது சாதாரணப் பயனர்களின் எதிர்ப்புதான். அதே கேள்வியை நிறுவனங்களிடமும் நாடாளுமன்றத்திடமும் கேட்கும் பொறுப்பு இப்போது நம்மிடம் வந்திருக்கிறது.