பேச்சைக் குறித்து வைத்தவர்கள்

ஃபதேபூர் சிக்ரியில் அக்பர் கட்டிய இபாதத் கானாவில் முதலில் மூண்ட சண்டை இறைவனைப் பற்றியதன்று. யார் எங்கே உட்காருவது என்பதுதான் சண்டை. 1575இல் அந்த மண்டபம் எழுந்தது. வியாழக்கிழமை இரவுகளில் அறிஞர்களை அங்கே வரவழைத்துப் பேசவைப்பது பேரரசரின் வழக்கமாயிற்று. வந்தவர்களோ முன்வரிசைக்கு முண்டியடித்தார்கள். கடைசியில் அக்பரே திசைகளைப் பங்கிட்டுக் கொடுத்தார்: பிரபுக்களுக்குக் கிழக்கு, சையதுகளுக்கு மேற்கு, உலமாக்களுக்குத் தெற்கு, சூஃபி ஷேக்குகளுக்கு வடக்கு. அவர் மட்டும் அவ்வப்போது எழுந்து ஒவ்வொரு பக்கமாகப் போய்க் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஓரிரவு வாதம் முற்றி உலமாக்களின் கழுத்து நரம்புகள் புடைத்துக்கொண்டன, மண்டபமே இரைச்சலாயிற்று. எரிச்சலடைந்த அக்பர், பக்கத்தில் நின்ற அப்துல் காதிர் பதாயூனியிடம், இனி யாராவது அபத்தமாகப் பேசினால் சொல், வெளியேற்றிவிடுகிறேன் என்றார். அப்படிப் பார்த்தால் முக்கால்வாசிப் பேரை அனுப்ப வேண்டியிருக்குமே என்று பதாயூனி, அருகிலிருந்த ஆசஃப் கான் என்பவரின் காதில் கிசுகிசுத்தார். என்ன முணுமுணுப்பு என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பேரரசர் கோபிக்கவில்லை. ரசித்து, அருகிலிருந்தவர்களுக்கும் சொன்னார்.

இந்த நிகழ்ச்சி நமக்குத் தெரிவதற்குக் காரணம் பதாயூனி அதை எழுதிவைத்ததுதான். அறிஞர்களோடு நடந்த உரையாடல்கள் என்று நாம் இன்று படிப்பவை யாவும் யாரோ ஒருவரின் நினைவையும் விருப்பு வெறுப்பையும் கடந்து வந்தவை. அரங்கில் மிகப் பெரியவராக இருந்தவரைப் பற்றி நூற்றுக்கணக்கான நூல்கள் இருக்கின்றன. கேள்வி கேட்டவரும் குறிப்பெடுத்தவரும் அந்த நூல்களின் அடிக்குறிப்புகளுக்குள் ஒதுங்கிவிடுகிறார்கள். இபாதத் கானாவைப் பொறுத்தவரை அப்படி ஒதுக்க முடியாது. அந்த ஒரு மண்டபத்துக்கு ஒன்றோடொன்று ஒத்துவராத மூன்று சாட்சிகள் இருக்கின்றன.

பதாயூனியும் அபுல் ஃபசலும் ஒரே ஆண்டில், 1574இல், அரசவைக்கு வந்தவர்கள். அபுல் ஃபசலின் தந்தை ஷேக் முபாரக்கிடம் பதாயூனி பாடம் கேட்டவர். அபுல் ஃபசல் மளமளவென்று மேலேறினார். அவர் எழுதிய அக்பர்நாமாவில் உலமாக்கள் குறுகிய மனத்தினர், அக்பர் ஞான ஒளி. பதாயூனிக்கோ, மன்னரை மார்க்கத்திலிருந்து வழிதவறச் செய்தவர்களே முபாரக்கும் அவருடைய பிள்ளைகளும்தான். பகலில் அரசாணைப்படி மகாபாரதத்தைப் பாரசீகத்தில் பெயர்க்கும் குழுவில் உழைத்தார், இராமாயணத்தையும் பெயர்த்தார். எல்லாம் மனமில்லாமல் செய்தது என்று தம் வரலாற்று நூலில் புலம்பியும் வைத்தார். அந்த நூலைத் தம் வாழ்நாளில் யார் கண்ணிலும் காட்டவில்லை. அது வெளியே வந்தது ஜகாங்கீர் காலத்தில்.

மூன்றாமவர் அந்தோனி மொன்செராத் என்னும் இயேசு சபைப் பாதிரியார். 1578க்குப் பின் இந்துக்கள், சமணர்கள், பார்சிகள் எனப் பிற சமயத்தாருக்கும் மண்டபம் திறந்துவிடப்பட்டது. கோவாவிலிருந்து ருடால்ஃபோ அக்குவாவிவா தலைமையில் 1580 தொடக்கத்தில் வந்து சேர்ந்த குழுவில் இவர் ஒருவர். நாள்தோறும் நடப்பதை எழுதிவைக்க வேண்டும் என்பது மேலிடத்தின் கட்டளை. பிறகு அபிசீனியாவுக்குப் புறப்பட்ட வழியில் அரபுக் கரையில் பிடிபட்டுச் சிறையிருந்தபோது அந்தக் குறிப்புகளை நூலாக்கினார். இலத்தீனில் அவர் எழுதிய கையெழுத்துப் படி 1906இல் கல்கத்தாவில் கண்டெடுக்கப்பட்டது. அக்பர் விரைவில் ஞானஸ்நானம் பெறுவார் என்று பாதிரிமார்கள் நம்பியிருந்தார்கள். ஆகவே மன்னர் காட்டிய ஒவ்வொரு மரியாதையும் அவர்கள் கண்ணுக்கு நற்சகுனமாகத் தெரிந்தது.

இம்மூவரில் யாரை நம்புவது? வரலாற்றாசிரியர்கள் மூவரையும் சேர்த்து வைத்துப் படிக்கிறார்கள்; வேறு வழியில்லை. ஆனால் வாசிக்கச் சுவையானவர் ஐயமின்றிப் பதாயூனிதான். அபுல் ஃபசலின் ஏட்டில் எல்லாரும் கொள்கைகளாக நிற்கிறார்கள். பதாயூனியின் ஏட்டில் பொறாமைப்படுகிறார்கள், கத்துகிறார்கள், இடம் பிடிக்கிறார்கள். மனித சுபாவம் பற்றி மண்டபத்தில் பேசப்பட்டதைவிட மண்டபத்தில் நடந்ததே அதிகம் சொல்கிறது. அதைக் கவனித்தவர் அந்தக் கசந்துபோன மொழிபெயர்ப்பாளர்.

அரசனும் அறிஞனும் பேசுவதில் உள்ள சிக்கலை அக்பருக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே ஒரு பாலி நூல் தொட்டிருக்கிறது. சாகலத்தை, அதாவது இன்றைய சியால்கோட் என்று கருதப்படும் நகரை, ஆண்ட கிரேக்க வழி மன்னன் மினாண்டர்; பாலியில் மிலிந்தன். கி.மு. 2ஆம் நூற்றாண்டினன். பௌத்தத் துறவி நாகசேனரோடு அவன் நடத்தியதாகச் சொல்லப்படும் உரையாடலே மிலிந்த பன்ஹா. வாதம் செய்ய அழைக்கும் மன்னனிடம் நாகசேனர் முதலில் நிபந்தனை போடுகிறார்: அறிஞர்கள் பேசும் முறையில் பேசுவதானால் சரி, அரசர்கள் பேசும் முறையில் என்றால் வரமாட்டேன். என்ன வேறுபாடு? அறிஞர்கள் மடக்கப்படுவார்கள், மறுக்கப்படுவார்கள், கோபம் கொள்ளமாட்டார்கள். அரசர்கள் ஒன்றைச் சொல்வார்கள், மறுத்தவனுக்குத் தண்டனை கொடுப்பார்கள். மிலிந்தன் முதல் வகைக்கு ஒப்புக்கொண்ட பிறகுதான் பேச்சே தொடங்குகிறது. இதை எழுதியவர் பெயர் தெரியாது. நிபந்தனையை விட்டுவிட்டு நேரே தத்துவத்துக்குள் நுழைந்திருக்கலாம். அப்படிச் செய்யாததில் அவருடைய அனுபவம் தெரிகிறது.

தமிழிலும் இப்படி ஒரு பௌத்த அரங்கம் உண்டு. வஞ்சி மாநகரில் மணிமேகலை மாதவ வடிவம் கொண்டு பல சமயக் கணக்கர்களிடம் அவரவர் கொள்கையைக் கேட்கும் காதை அது. பெரும்பாலும் ஒவ்வொருவரும் தம் பாடத்தை ஒப்பித்துவிட்டு நகர்வதால், உரையாடல் என்பதைவிட அட்டவணை என்பதே பொருந்தும். பூதவாதியிடம் வரும்போது மட்டும் அவள் சிரிக்கிறாள். கண்ணால் காண்பதொன்றே பிரமாணம் என்கிற அவனிடம், உன் தாய் தந்தையரை அனுமானத்தாலல்லாமல் வேறு எப்படி அறிந்தாய் என்று மடக்குகிறாள். அந்தச் சில அடிகளில்தான் காதைக்கு உயிர் வருகிறது.

குறிப்பெடுத்தவர்களிலேயே புகழ்பெற்றவர், பரிதாபத்துக்குரியவரும்கூட, யோஹான் பீட்டர் எக்கர்மான். வட ஜெர்மனியில் வின்சன் என்னும் சிற்றூரில் 1792இல் பிறந்தார். தந்தை சில்லறைச் சரக்குகளைத் தோளில் சுமந்து ஊர் ஊராக விற்றவர்; வீட்டுக்கு ஆதாரம் ஒரு பசு. தந்தையின் புகையிலைப் பொட்டலத்தில் அச்சிட்டிருந்த குதிரைப் படத்தைப் பார்த்துச் சிறுவன் வரைந்ததை ஊர்ப் பெரியவர்கள் கண்டு வியந்ததில்தான் அவர் படிப்புக்கு வழி திறந்தது. ஜெர்மானியப் பெருங்கவிஞர் கதேயின் கவிதைகளில் கிறங்கி, கவிதை பற்றித் தாம் எழுதிய கையெழுத்துப் படியை அவருக்கு அனுப்பிவிட்டு, வைமர் நகருக்கு நடந்தே போனார். 1823 ஜூன் 10ஆம் நாள் முதல் சந்திப்பு. கதேக்கு 73 வயது, எக்கர்மானுக்கு 30.

கதே அவரை விடவேயில்லை. பழைய எழுத்துகளை ஒழுங்குபடுத்தும் வேலையைக் கொடுத்தார், தம் மேசையில் உணவளித்தார், முறையான சம்பளம் மட்டும் கொடுக்கவில்லை. வைமருக்கு வந்த ஆங்கிலேய இளைஞர்களுக்கு ஜெர்மன் பாடம் சொல்லிக்கொடுத்துக் காலம் தள்ளினார் எக்கர்மான். நிச்சயிக்கப்பட்ட பெண் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தாள். 1832இல் கதே மறையும் வரை ஒன்பது ஆண்டுகள் இப்படியே ஓடின. 1836இல் உரையாடல்களின் முதல் இரண்டு பாகங்களும் 1848இல் மூன்றாம் பாகமும் வந்தன. ஜெர்மன் மொழியில் உள்ள மிகச் சிறந்த நூல் இது என்றார் நீட்சே. அதை எழுதியவர் 1854இல் வறுமையில் இறந்தார்.

கதே பேச்சென்றால் பெரிய தலைப்புகள் மட்டும்தான் என்று நினைத்து நூலைத் திறப்பவருக்கு வியப்புக் காத்திருக்கிறது. சீன நாவலொன்றைப் படித்த கையோடு, தேச இலக்கியங்களின் காலம் போய் உலக இலக்கியத்தின் காலம் வருகிறது என்று 1827 ஜனவரியில் அவர் சொன்னது இந்நூலில்தான் இருக்கிறது. அதே நூலில் குயிலினத்தைப் பற்றியும் நீண்ட பேச்சு உண்டு. பறவை வளர்ப்பில் எக்கர்மான் தேர்ந்தவர். தாம் வைத்திருந்த ரென் குருவிக் குஞ்சுகள் இரண்டு தப்பிப் பறந்துபோய், பின்னர் ஒரு ராபின் கூட்டில் அதன் குஞ்சுகளோடு இரை வாங்கிக்கொண்டிருந்ததைச் சொல்கிறார். அந்நியக் குஞ்சுக்கும் இரை கொடுக்கும் அந்தப் பறவையின் செயலில் படைப்பெங்கும் பரவிய அன்பைக் கண்டு கதே நெகிழ்கிறார். அந்தப் பக்கங்களில் மாணவர் கிழவர்; ஆசிரியர் அந்தப் பொட்டல வியாபாரியின் மகன். ஆண்டுக்கணக்கில் கதே அவரைத் தம்மோடு வைத்துக்கொண்டதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

மூன்றாம் பாகத்தில் வேறொருவர் கையும் கலந்திருக்கிறது. ஜெனீவாக்காரரும் இயற்கை அறிவியல் படித்தவருமான ஃபிரெடரிக் சோரே, வைமர் இளவரசருக்கு ஆசிரியர். அவருடைய குறிப்புகளை எக்கர்மான் வாங்கிப் பயன்படுத்தினார். நூலின் மிக அழகான நிகழ்ச்சி சோரே தந்ததே. 1830 ஆகஸ்ட் 2ஆம் நாள், பாரிஸில் புரட்சி வெடித்து மன்னர் சார்லஸ் வீழ்ந்த செய்தி வைமரை எட்டி ஊரே பரபரத்துக் கிடக்கிறது. சோரேயைக் கண்டதும் கதே, எரிமலை வெடித்துவிட்டதே, என்ன நினைக்கிறீர் என்கிறார். சோரே அரசியலைப் பற்றிப் பேசத் தொடங்குகிறார். கிழவருக்குப் பொறுக்கவில்லை, அவர் கேட்டது அதைப் பற்றியே அல்ல. பாரிஸ் அறிவியல் கழகத்தில் குவியேவுக்கும் ஜெஃப்ருவா செந்த்-இலேருக்கும் மூண்ட விவாதத்தைப் பற்றி. விலங்குகளின் உடலமைப்பு யாவற்றுக்கும் அடியில் ஒரே திட்டம் இருக்கிறதா, இல்லையா என்பது அங்கே வழக்கு. ஒன்றே திட்டம் என்று வாழ்நாளெல்லாம் நம்பிவந்த கதேக்கு, ஒரு முடியாட்சி கவிழ்ந்தது அதன் முன் சிறிய செய்தி. திகைத்துப்போன சோரேயின் முகத்தை நினைத்துப் பார்த்தால்தான் இந்தக் காட்சி முழுமையாகிறது.

எக்கர்மான் எழுதியதெல்லாம் அப்படியே நடந்ததா? இல்லை என்று பிற்கால ஜெர்மானிய ஆய்வாளர்கள் நிறுவியிருக்கிறார்கள். சில நாட்களுக்கு அவரிடம் இருந்தவை இரண்டொரு சொற்குறிப்புகளே. பல ஆண்டுகள் கழித்து அவற்றை அவர் முழு உரையாடலாக விரித்தார். கதேயின் நாட்குறிப்போடு ஒத்துப்பார்த்தால் தேதிகள் சில இடறுகின்றன. ஆனால் முன்னுரையிலேயே, இது தம் கதே என்று எக்கர்மான் ஒப்புக்கொண்டுவிட்டார். அந்த நேர்மை அபுல் ஃபசலிடம் இல்லை.

ஒலிப்பதிவும் கேமராவும் வந்தபின் எக்கர்மான்களுக்கு வேலையில்லை என்று தோன்றலாம். 1971 நவம்பரில் நெதர்லாந்தின் ஐந்தோவன் தொழில்நுட்பக் கல்லூரியில் மொழியியலாளர் நோம் சோம்ஸ்கியும் பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் மிஷெல் ஃபூக்கோவும் எதிரெதிரே அமர்ந்தார்கள். டச்சுத் தொலைக்காட்சிக்காக நடுவராக இருந்தவர் ஃபோன்ஸ் எல்டர்ஸ். தலைப்பு மனித இயல்பு. ஒருவர் ஆங்கிலத்தில் பேசினார், மற்றவர் பிரெஞ்சில் பதிலளித்தார். குழந்தைக்குக் கிடைக்கும் பேச்சு மாதிரிகள் மிகச் சொற்பம். அதிலிருந்து முழு மொழியையும் அது கட்டியெழுப்புகிறது என்றால் மனத்தில் பிறவியிலேயே ஓர் அமைப்பு இருந்தாக வேண்டும் என்றார் சோம்ஸ்கி. ஃபூக்கோ அதை நேரடியாக மறுக்கவில்லை. மனித இயல்பு என்ற கருத்து வரலாற்றில் என்ன வேலை செய்தது, எந்தத் துறைகளுக்கு எல்லை வகுத்துக் கொடுத்தது என்று கேள்வியையே திருப்பினார்.

முதல் பாதி மரியாதையாகப் போனது. அரசியலுக்கு வந்ததும் சூடு பிடித்தது. வியட்நாம் போரை எதிர்த்து நீங்கள் சட்டத்தை மீறும்போது அது உயர்ந்த நீதியின் பெயரிலா, வர்க்கப் போராட்டத்தின் தேவையாலா என்று ஃபூக்கோ நெருக்கினார். கொலையைத் தடுக்கப் போக்குவரத்து விதியை மீறுவது குற்றமாகாது, அரசு எதைச் சட்டமென்று சொல்கிறதோ அதுவே சட்டமாகிவிடாது என்ற வழியில் போனது சோம்ஸ்கியின் பதில். ஃபூக்கோவுக்கு அது போதவில்லை. பாட்டாளி வர்க்கம் போராடுவது நீதிக்காக அல்ல, அதிகாரத்தைக் கைப்பற்றவே என்றார். இருவரும் கடைசிவரை சந்திக்கவேயில்லை. ஒரே மலையை இரு பக்கமிருந்து குடைகிறவர்கள் போல என்று எல்டர்ஸ் தொடக்கத்தில் வருணித்தது நம்பிக்கையாகவே நின்றுவிட்டது.

நிகழ்ச்சிக்கு முன் தாங்கள் இருவரும் பல மணி நேரம் பேசிக்கொண்டிருந்ததாகப் பின்னாளில் சோம்ஸ்கி சொல்லியிருக்கிறார். கேமரா அப்போது ஓடவில்லை. பக்கத்தில் ஒரு பதாயூனி இருந்திருந்தால் நமக்குக் கிடைத்திருக்கக்கூடியது அந்தப் பேச்சு.

கேட்கப்பட்டவரே குறிப்பெடுத்தவராகவும் ஆன அரிய நிகழ்ச்சி தமிழ்நாட்டில் உண்டு. 1880 அக்டோபர் 21ஆம் நாள் கும்பகோணத்தில் முன்சீப் சேலம் இராமசாமி முதலியாரைக் கல்லூரித் தமிழாசிரியர் உ.வே.சாமிநாதையர் பார்க்கப் போனார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டதும் அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை என்று ஐயர் நீண்ட பட்டியல் சொன்னார். இங்கே அறிஞர் ஐயர். எதிரே இருந்தவர் நீதித்துறை அதிகாரி. ஆனால் அந்த அதிகாரி இவற்றுக்கெல்லாம் மூலமான பழைய நூல்களைப் பற்றி விசாரித்தார். சிந்தாமணி உண்டா? மணிமேகலை? சிலப்பதிகாரம்? எதையும் ஐயர் படித்ததில்லை. வகுப்பறைக்கு வெளியிலிருந்து வந்த கேள்வி அது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் ஆண்டுக்கணக்கில் பாடம் கேட்டவரிடம் அதுவரை ஒருவரும் அதைக் கேட்டிருக்கவில்லை.

அந்தச் சந்திப்பைத் தமிழுலகம் இவ்வளவு துல்லியமாக அறிந்திருப்பது ஐயர் தம் எண்பத்தைந்தாம் வயதை நெருங்கும்போது, 1940இல், ஆனந்த விகடனில் எழுதத் தொடங்கிய ‘என் சரித்திர’த்தால். அறுபதாண்டுகளுக்கு முன் நடந்த பேச்சை அவர் தம் சங்கடத்தை மறைக்காமலேயே எழுதினார். முதலியார் தம்மிடமிருந்த சிந்தாமணிப் பிரதியைக் கொடுத்தனுப்பினார். அதில் சமண சமயச் செய்திகள் வரும் இடங்களில் ஐயர் திணறினார். அவருக்கு வழி காட்டியவர்கள் அந்தக் கும்பகோணத்திலேயே வாழ்ந்த சமணர்கள். சிந்தாமணியைப் புனித நூலாகப் போற்றிப் படித்துவந்த குடும்பங்கள் அவை. வீடு தேடிப்போய், அவர்கள் சொல்லச் சொல்லக் கேட்டுக் குறித்துக்கொண்டார். 1887இல் அச்சேறிய சீவக சிந்தாமணிப் பதிப்பின் பின்னே நச்சினார்க்கினியர் உரையோடு அந்த வீட்டுத் திண்ணைகளில் கேட்டறிந்த விளக்கங்களும் இருக்கின்றன.