முந்திரி தரம் பார்த்த கண்கள்

பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கிற வீட்டில் வளர்ந்தவள் நான். அம்மா முறத்தில் பருப்பைப் பரப்பினால் முழுசு, பாதி, குருணை, கருகல் என்று விரல் ஓட ஓடத் தனித்தனியாகக் குவியும். ஒரு பவுண்டுக்கு ஏறக்குறைய 320 பருப்பு நின்றால் அது டபிள்யூ 320 என்ற தரம். 180 நின்றால் பெருவெட்டு, விலையும் அதிகம். தராசில் போடாமலே அம்மாவுக்கு அது தெரியும்.

முந்திரி, போர்த்துக்கீசியர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த மரம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் எங்கள் தோப்புகளை வேரோடு சாய்த்தது. இரண்டே மாதத்தில், 2012 பிப்ரவரி 29 அன்று, அம்மாவின் கண் பார்க்கும் வேலையைப் பழக்கக்கூடிய ஒரு கருவி இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தது: ராஸ்பெர்ரி பை. உள்ளங்கைக்குள் அடங்கும் கணினிப் பலகை, அப்போது விலை 35 டாலர். மறுவருஷம் அதற்குக் கேமராவும் வந்தது. படத்தில் பருப்பின் ஓரத்தையும் நிறத்தையும் பிரித்தறிய ஓப்பன்சிவி என்ற இலவச நிரல் தொகுப்பு இருந்தது. இன்டெல் 2000-லேயே வெளியிட்டது. உடைசலையும் முழுசையும் கணினிக்குப் பழக்க, 2018-ல் டென்சர்ஃப்ளோ என்ற நிரல் தொகுப்பும் இந்தப் பலகைக்கு வந்தது.

கேமராவால் பார்த்து, கெட்ட பருப்பைக் காற்றால் ஊதித் தள்ளும் இயந்திரங்கள் பெரிய ஆலைகளுக்கு உண்டு. வீட்டில் உடைப்பவர்கள் அதை எங்கே வாங்குவது? அதனால்தான் இந்தச் சின்னப் பலகையை நான் பெரிதாக நினைக்கிறேன். ஆனால் எந்தப் படம் எந்தத் தரம் என்று அதற்கு யாராவது சொல்லித்தர வேண்டும். நெய்வேலி, பண்ருட்டி மாணவர்களே, முதலில் பருப்பு பிரிக்கும் பெண்களிடம் போய் உட்காருங்கள். அவர்கள் சொல்லும் தரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்குக் கூலியும் கொடுங்கள்.